சொப்பிங் பையில் பியர்: சிங்தாவோவின் தவறணைகள்

ஒரு படம் பார்த்தோம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஒரு ஐயா. ஒரு கையில் கீரைக்கட்டு, மற்றக் கையில் சொப்பிங் பை. பைக்குள் மஞ்சளாக ஏதோ தளம்புகிறது. எண்ணெயாக்கும் என்று நினைத்தோம். இல்லை, பியர்!

இடம் சிங்தாவோ. சீனாவின் கிழக்குக் கரையில், ஷாண்டோங் மாகாணத்தில் இருக்கிற துறைமுக நகரம். இலங்கையில் இரண்டு வருடம் தங்கிவிட்டுக் கப்பலேறிய பாஹியன் துறவி, புயலில் அடிபட்டு 412இல் கரையேறியது இதற்குப் பக்கத்து லாவோஷான் மலையடியில்தான். அந்த மலைத் தண்ணீர்தான் தங்கட பியரின் சுவைக்குக் காரணம் என்று ஊர்ச்சனம் சொல்லும்.

அங்கே பியரை நிறுத்து விற்கிறார்கள். கடை வாசலில் பீப்பாய் நிற்கும். குழாயில் பையைப் பிடித்து நிரப்பி, தராசில் கொளுவி, 'ஜின்' கணக்கில் காசு வாங்குவார்கள். ஒரு ஜின் என்றால் அரைக் கிலோ. வீட்டுக்குக் கொண்டுபோக மனமில்லாதவர்கள் அங்கேயே குந்திவிடுவார்கள். இந்தக் கடைக்குப் பேர் 'பிஜியு வூ', அதாவது பியர் வீடு. எங்கட ஊர்ச் சொல்லில் தவறணை. பதிந்த மேசை, பிளாஸ்டிக் கதிரை, அவ்வளவுதான். பக்கத்துச் சந்தையில் மட்டி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால், சின்னக் கூலிக்கு மிளகாய் போட்டு வதக்கித் தருவார்கள். யிங்கோ வீதிச் சந்தை இதற்குப் பேர்போனது.

குடியைக் கொண்டாட இதை எழுதவில்லை. குடி எங்கட ஊரில் எத்தனை வீடுகளை அழித்தது என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்க வந்தது வேற கேள்வி. இந்தப் பியர் ஜேர்மன்காரர் தந்த பரிசா?

1897 நவம்பரில் ஷாண்டோங்கில் இரண்டு ஜேர்மன் மிஷனரிமார் கொல்லப்பட்டார்கள். அதைச் சாட்டாக வைத்து ஜேர்மன் கடற்படை வந்து இறங்கியது. அடுத்த மார்ச்சில் 99 வருடக் குத்தகை எழுதி வாங்கினார்கள். கரையோரத்து ஊர்கள் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் ஐரோப்பியர் குடியிருக்கும் பகுதி எழுந்தது. சீனர் அங்கே குடியிருக்கக் கூடாது. எழுப்பப்பட்ட சனத்துக்கும் கூலியாட்களுக்கும் ஒதுக்குப்புறமாகத் தாய்டோங் என்ற இடம் ஒதுக்கப்பட்டது. பியர் ஆலை வந்தது 1903இல், அந்தத் தாய்டோங்குக்குப் பக்கத்தில். போட்டது ஹொங்கொங்கில் பதிந்த ஆங்கில-ஜேர்மன் கம்பனி. முதல் 4 இலட்சம் மெக்சிக்கோ வெள்ளி டொலர். பியர் யாருக்கு? ஜேர்மன் படையாட்களுக்கும் வெள்ளைக்கார வியாபாரிகளுக்கும்.

1914இல் ஜப்பான் நகரத்தைப் பிடித்தது. 1916இல் ஆலையை டாய்-நிப்பொன் என்ற ஜப்பானியக் கம்பனி வாங்கியது. முதலாம் உலகப் போர் முடிந்ததும், ஷாண்டோங்கில் ஜேர்மனிக்கு இருந்த உரிமைகளை வெர்சாய் ஒப்பந்தம் தூக்கி ஜப்பானுக்கே கொடுத்தது. அதை எதிர்த்து 1919 மே 4 அன்று பெய்ஜிங்கில் மூவாயிரம் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். எங்கட வயதுக்காரர். "சிங்தாவோவைத் திருப்பித் தா" என்பது அவர்களின் கோஷங்களில் ஒன்று. சீனா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவில்லை. 1922இல் நகரம் திரும்பக் கிடைத்தது. ஆனால் ஆலை? அது 1945 வரை ஜப்பானியர் கையில்தான் இருந்தது. கொடி மாறினால் உடமையும் மாறும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேணும்.

1949க்குப் பிறகு ஆலை அரசுடையது. இனிச் சனத்துக்குக் கிடைத்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. நல்ல போத்தல் பியர் கப்பலேறியது. 1972இல் அமெரிக்கா வரைக்கும் போனது. ஊர்ச்சனத்துக்குப் புதுவருடத்துக்குக் கூப்பனில் சில போத்தல். மற்ற நாட்களில் கிடைத்தது பீப்பாயில் வரும் உதிரிப் பியர். அது நாள்பட வைத்தால் கெட்டுப்போகும், தூரம் கொண்டுபோக ஏலாது. அதனாலேயே அது ஊரோடு தங்கிவிட்டது. கோப்பை இல்லையா, சோற்றுக் கிண்ணத்தில் குடித்தார்கள். பழம் அடைத்து வந்த கண்ணாடிப் போத்தலில் குடித்தார்கள். சுடுதண்ணிப் பிளாஸ்கில் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பொலித்தீன் பை மலிந்த காலத்தில் அந்த இடத்துக்குப் பை வந்தது.

எங்கட பதில் இதுதான். பியரைக் காய்ச்சும் முறை ஜேர்மனியில் இருந்து வந்தது, உண்மை. ஆனால் அந்தத் தவறணையும் அந்தப் பையும் ஜேர்மன் பரிசு இல்லை. போத்தல் கிடைக்காத சனம் கண்டுபிடித்த வழி அது. "வெள்ளைக்காரன் இல்லாட்டி றெயில் வந்திருக்குமோ?" என்று எங்கட வீடுகளிலும் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் தண்டவாளம் போட்டவனும் இல்லை, காணி பறிகொடுத்தவனும் இல்லை. தவறணை என்ற சொல்லே போர்த்துக்கேயரிடம் இருந்து வந்ததுதான். அதற்காக எங்கட தவறணைகளைப் போர்த்துக்கேயர் தந்த பரிசு என்று ஆரும் சொல்வதில்லையே.

1993இல் ஆலையின் பங்குகள் ஹொங்கொங் சந்தைக்குப் போயின. 2003இல் பழைய கட்டடம் அருங்காட்சியகம் ஆனது. டாபாவோடாவ் என்பது ஜேர்மன் காலத்தில் சீன வியாபாரிகளுக்கு ஒதுக்கிய பகுதி. நடு முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் அங்கே இருந்தன. கடந்த சில வருடங்களில், புனரமைப்பு என்று சொல்லிப் பெரும்பாலான குடும்பங்களை எழுப்பிவிட்டார்கள். சுவர்கள் அழகாகத்தான் நிற்கின்றன. ஜேர்மன் காலத்தில் கரையோர ஊர்களை எழுப்பியதை 'அபிவிருத்தி' என்றார்கள். இப்ப 'பாரம்பரியம்' என்கிறார்கள். எழும்பிப் போனது இரண்டு தரமும் சாதாரண சனம்தான்.

பியர் வீட்டுக்கு வேண்டியது ஒரு பீப்பாயும் நாலு கதிரையும் மட்டும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்ச்சேரக்கூடிய தூரத்தில் வீடும் இருக்க வேணும். படத்தில் பார்த்த அந்த ஐயாவுக்கு அந்த வீடு இன்னும் இருக்க வேணும் என்று விரும்புகிறோம்.