நிலம் கேட்டு வந்தவர்கள்

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், கால்சா பகுதியில் கான்ச்சா மடாலயச் சுவரில் ஓர் ஓட்டை உண்டு. ஆள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழையும் அளவுதான். 1860 ஏப்ரல் 4 அன்று, தண்ணீர்க் குழாய் வேலை செய்துவந்த பிரான்செஸ்கோ ரிசோ இந்த மடாலயத்தில்தான், தீவை ஆண்ட பூர்பன் அரச வம்சத்துக்கு எதிராகக் கிளர்ச்சியைத் தொடங்கினார். படை அதை உடனே அடக்கியது. பத்து நாளில் 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கிளர்ச்சியாளர்களில் பிவோனா, பத்தி என்ற இருவர் மட்டும் மடாலய நிலவறையில் பிணங்களுக்கு நடுவே பதுங்கிக் கிடந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வீதியில் குடுமிப்பிடிச் சண்டை போட்டுக் காவலரின் கவனத்தைத் திருப்ப, அந்த ஓட்டை வழியே இருவரும் தப்பியதாக ஊரார் சொல்வார்கள்.

மே 27 அன்று, இத்தாலியை ஒன்றாக்கப் போரிட்ட கரிபால்டி கால்சாவை ஒட்டிய தெர்மினி வாசல் வழியாக நகருக்குள் நுழைந்தார். மர்சாலா துறைமுகத்தில் அவரோடு இறங்கியவர்கள் சுமார் ஆயிரம் பேர். வழியில் சேர்ந்துகொண்ட சிசிலி கிராமத்து இளைஞர்களுக்கு 'பிச்சோத்தி' என்று பெயர். பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சிகள். அடுத்தவன் வயலில் கூலிக்கு உழைத்து, கிடைத்த தானியத்தை அரைக்கப் போனால் அங்கேயும் வரி. அந்த மாவு வரியை மே 17 அன்று கரிபால்டி நீக்கினார். ஜூன் 2 ஆணையில், போரிட்டவர்களுக்கு ஊர்ப் பொதுநிலத்தில் பங்கு உண்டு என்றார், செத்தால் வாரிசுக்கு. விடுதலை வேட்கை அவர்களுக்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காணி நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் பலர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது.

வறுமை இருந்தால் படைக்கு ஆள் தானாக வரும் என்று நினைப்பவர்கள் அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டும். பூர்பன் காலத்தில் சிசிலியில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. 1861இல் உருவான இத்தாலிய அரசு அதைக் கொண்டுவந்தது. வசதியுள்ளவன் பணம் கட்டி விலகிக்கொள்ளலாம். ஏழை வீட்டிலோ சம்பாதிக்கும் பிள்ளையே பல வருடம் போய்விடுவான். சொன்ன நிலமும் பெரும்பாலோருக்கு வந்து சேரவில்லை. சிப்பாயாவதைவிடப் பன்றியாக இருப்பது மேல் என்ற பேச்சு அந்தத் தீவில் புழங்கியது. இளைஞர்கள் மலைக்கு ஓடினார்கள். 1863இல் தளபதி கோவோனே ஊர்களைச் சுற்றி வளைத்து, தண்ணீரை நிறுத்தி, குடும்பத்தாரைப் பிடித்துவைத்து ஆள் தேடினார். பலெர்மோ ராணுவ மருத்துவமனையில், நடிக்கிறான் என்று சந்தேகித்து, வாய்பேசாத, காது கேளாத ஒரு தொழிலாளியின் உடம்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள். அவன் நடிக்கவில்லை.

1866 செப்டம்பரில் பலெர்மோ மறுபடி எழுந்தபோது, ராணுவத்துக்குத் தப்பி ஓடியவர்களும் கலகக்காரர்களோடு இருந்தார்கள். ஒரு வாரத்தில் கடற்படையும் தரைப்படையும் சேர்ந்து நகரை அடக்கின. 1869 ஜனவரி 1 முதல் மாவு வரியும் திரும்ப வந்தது.