பியோலா என்றும் பிடில் என்றும்

மலாக்காவில் ஒரே வாத்தியத்துக்கு இரண்டு பெயர். காஜா பெராங்கிலுள்ள கம்போங் செட்டியில் அது பியோலா. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த தமிழர் வீட்டுப் பெரியவரைக் கேட்டால் பிடில். முன்னது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல், பின்னது ஆங்கிலேயருடையது. யார் கை மாறி வந்தது என்பதைப் பெயரே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

1511-இல் போர்த்துகீசியரான அல்புகர்க்கே மலாக்காவைப் பிடித்தபோது இன்று நாம் அறிந்த வயலின் இத்தாலியிலேயே முழு உருவம் பெற்றிருக்கவில்லை. அவர் கையோடு கொண்டுவந்தார் என்று யாராவது கதை சொன்னால் நம்ப வேண்டாம். பின்னால் எப்போதோ வந்து மலாய்ப் பாட்டுக்குள் நுழைந்து, டொண்டாங் சாயாங் என்ற பாட்டு வகையில் நிலையாக உட்கார்ந்துவிட்டது. இரண்டு பேர், பெரும்பாலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், எதிரெதிரே பந்துன் பாடுவார்கள். நாலு வரி. முதல் இரண்டில் ஏதோ பூவோ ஆறோ வரும், சொல்லவந்த விஷயம் பின்னிரண்டில்தான். எதிராளி பாடி முடிப்பதற்குள் பதில் தயாராக வேண்டும். முதலில் வயலின் தொடங்கும், ரெபானாவும் கோங்கும் பிறகு சேரும். பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தை வில் நிரப்பும். பாட்டின் நீளம் பொதுவாக 32 பார். பழைய அமெரிக்க ஜாஸ் பாட்டுகளுக்கும் அதுதான் வழக்கமான அளவு. தற்செயல்தான். ஆனாலும் கட்டம் ஒன்றாக இருக்க, அதற்குள் ஆளுக்கு ஆள் வேறாக இட்டுக்கட்டும் அந்தத் துணிச்சலைக் கேட்கும்போது எனக்கு ஜாஸ் ஞாபகம்தான் வருகிறது.

2018-இல் யுனெஸ்கோ டொண்டாங் சாயாங்கைத் தன் பட்டியலில் சேர்த்தபோது மலாய்க்காரர், பாபா நோன்யா, போர்த்துகீசியர், செட்டி என்று நான்கு சமூகங்களைச் சொன்னது. செட்டிகள் சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகரின் வழித்தோன்றல்கள். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. வீட்டுப் பேச்சு மலாய். "தமிழே தெரியாத தமிழர்" என்று நம் ஆட்கள் உதட்டைப் பிதுக்குவதுண்டு. ஆனால் வயலின் நம் ஆட்களுக்கும் பூர்வீகச் சொத்து இல்லை. சென்னையில் பாலுஸ்வாமி தீட்சிதர் ஒரு வெள்ளைக்காரரிடம் பிடில் கற்றுக்கொண்டது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டித்தான். அவர் அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர். 1834-இல் சுவாதித் திருநாள் தஞ்சை வடிவேலுவுக்குத் தந்தத்தால் செய்த வயலினையே பரிசளிக்கும் அளவுக்கு அது சீக்கிரம் நம்முடையதாகிவிட்டது.

நம்முடையதானது பிடியை மாற்றித்தான். சம்மணமிட்டு உட்கார்ந்து, தலைப்பக்கத்தை வலது கணுக்காலில் சாய்த்து, அடிப்பக்கத்தை மார்பில் அணைத்தால் இடது கைக்குச் சுமக்கும் வேலை இல்லை. விரல் கம்பிமேல் வழுக்கிக்கொண்டு போகலாம். கமகம் பிறப்பது அந்த வழுக்கலில்தான். பியோலாக்காரருக்கு இது தேவைப்படவில்லை, தாடைக்கடியிலேயே வைத்துக்கொண்டார்.

1896-இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் போட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களுக்குக் கங்காணிகள் கூட்டிவந்தவர்களின் மூட்டையில் பிடில் இருந்திருக்க நியாயமில்லை. அது சபா வாத்தியம். லயத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் பறையும் உறுமியும் உடுக்கையும் போதும். வயலின் அங்கே வந்தது ரேடியோ வழியாக, சினிமாப் பாட்டின் பின்னணியில், கூட்டமாக. மரம் வெட்டிவிட்டு வந்து அதைக் கேட்டவர்கள் வாத்தியத்தைக் கண்ணால் பார்க்கப் பல காலம் ஆகியிருக்கும்.

கணுக்கால் பிடி வேறொரு பக்கமும் போனது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958 கலவரத்துக்குப் பிறகு சென்னைக்கு வந்த குடும்பத்தில் இரண்டு பையன்கள். எல். சங்கர் ஜான் மெக்லாஃப்லினோடு சக்தி குழுவில் வாசித்தார், முதல் இசைத்தட்டு 1976-இல் வந்தது. எல். சுப்ரமணியம் 1984-இல் பிரெஞ்சு ஜாஸ் கிழவர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு ஓர் இசைத்தட்டு போட்டார். ஒருவருக்கு மடி, மற்றவருக்குத் தாடை. சண்டை வரவில்லை.

மலாக்காவில் அப்படி ஒரு சந்திப்புக்குக் கடலைத் தாண்ட வேண்டியதில்லை. கர்நாடக வகுப்புக்குப் போகும் தமிழ்ப் பிள்ளையின் வயலினும் டொண்டாங் சாயாங் வயலினும் ஒரே கடையில் வாங்கியதாக இருக்கலாம். ஆனால் சுருதி வேறு. பியோலாவின் நான்கு கம்பிகளும் மேற்கத்திய முறைப்படி ஐந்தைந்து சுரமாக ஏறுகின்றன, நம் பிள்ளையினுடையது ச-ப-ச-ப. ஒருவர் வயலினை மற்றவர் வாங்கி வாசிக்க, முதலில் பிரடையைத் திருக வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம் பிடிக்கும்.