மேலாண்மைத் தகவல் முறைமை

மேலாண்மைத் தகவல் முறைமை என்பது ஒரு நிறுவனத்தின் அன்றாடக் கொடுக்கல் வாங்கலைப் பதிந்து, தொகுத்து, முடிவெடுக்க வேண்டியவர் கையில் உரிய நேரத்தில் சேர்க்கும் ஏற்பாடு. அலுவலகங்களில் இதைச் சுருக்கமாக எம்.ஐ.எஸ். என்பார்கள். பதிவது எழுத்தர் வேலை. தொகுப்பது இப்போது கணினியின் வேலை. எந்தக் கணக்கை யாருக்கு எப்போது காட்டுவது என்று தீர்மானிப்பது மட்டும் அன்றும் இன்றும் மேலாளரின் வேலை. இந்த முறைமையின் வரலாற்றைக் கணினியின் வரலாறாகவே எழுதிவிடுவது வழக்கம். உண்மையில் கணினி வருவதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே இது தொடங்கிவிட்டது. தொடங்கி வைத்தது ரயில்.

அமெரிக்காவின் நியூயார்க் - ஈரி ரயில் நிறுவனத்துக்கு 1854இல் தலைமைக் கண்காணிப்பாளராக வந்தவர் டேனியல் மெக்கல்லம். ஐம்பது மைல் பாதையென்றால் கண்காணிப்பாளர் நேரில் சுற்றிப் பார்த்தே நடத்திவிடலாம். ஆட்களையும் தெரியும், வண்டிகளையும் தெரியும். ஐந்நூறு மைலுக்கு அது நடக்காது. நீண்ட பாதைகள் சிக்கனமாக ஓடாததற்குக் காரணம் முறையின்மையே என்று அவர் வாதிட்டார். வண்டி எங்கே நிற்கிறது, ஏன் தாமதம் என்பது தந்தி வழியாக மணிக்கு மணி தலைமையிடத்துக்கு வந்தாக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை மரம்போல் வரைந்த ஒரு படமும் 1855இல் அவர் காலத்தில் உருவானது. அதில் இயக்குநர் குழு உச்சியில் இல்லை, வேரில் இருந்தது. பின்னால் வந்த அமைப்புப் படங்கள் அதைத் தலைகீழாக்கிவிட்டன.

அடுத்து வந்தது துளையட்டை. ஹெர்மன் ஹோலரித்தின் பொறி 1890ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கில் அட்டையின் துளைகளைப் படித்து எண்ணியது. அவருடைய நிறுவனம் வேறு சிலவற்றோடு இணைந்து 1924இல் ஐ.பி.எம். என்ற பெயர் பெற்றது. எண்ணுவது எளிதாயிற்று. ஆனால் எண்ணியதை எப்படிப் பார்ப்பது என்பதில் முன்னே சென்றது டூபான்ட் என்ற வேதிப்பொருள் நிறுவனம். முதலீட்டுக்கு எவ்வளவு ஆதாயம் என்பதை விற்பனை லாப விகிதமாகவும் முதல் சுழலும் வேகமாகவும் பிரித்துக் காட்டும் சூத்திரத்தை 1910களில் டொனால்ட்சன் பிரவுன் அங்கே வகுத்தார். பிற்பாடு நிர்வாகக் குழுவுக்கென்று தனியாக ஒரு வரைபட அறையே அமைத்தார்கள். மேலே தண்டவாளம் ஓடும். அதில் தொங்கும் வரைபடங்களை ஒவ்வொன்றாக முன்னே இழுத்து, ஒரு பிரிவு ஏன் சறுக்கியது என்று உட்கார்ந்து பேசுவார்கள். இன்று கணினித் திரையில் வரும் டாஷ்போர்டு செய்வதும் இதைத்தான், கொஞ்சம் வண்ணம் கூடுதலாக.

வணிகக் கணக்குக்கென்றே முதன்முதலில் மின்னணுக் கணினி கட்டியவர்கள் இயந்திர வியாபாரிகள் அல்லர்; இங்கிலாந்தில் தேநீர்க் கடைகள் நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனத்தார். ஒரு கோப்பை தேநீருக்கும் ஒரு பன்னுக்கும் கிடைப்பது சில பென்னி. விற்பனைச் சீட்டு ஒவ்வொன்றும் சிறியது, சீட்டுகளோ கணக்கில் அடங்காதவை. கணக்கு எழுதும் செலவு கொஞ்சம் ஏறினாலும் லாபம் கரைந்துவிடும். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த ஜான் சிம்மன்ஸ் அங்கே அலுவலக முறைகளுக்குப் பொறுப்பாக இருந்தார். 1947இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட இரண்டு அதிகாரிகள், கேம்பிரிட்ஜிலேயே மாரிஸ் வில்க்ஸ் ஒரு கணினி கட்டிக்கொண்டிருக்கிறார் என்ற செய்தியோடு திரும்பினார்கள். லயன்ஸ் அவருக்கு 3,000 பவுண்டும் ஒரு தொழில்நுட்ப ஆளையும் கொடுத்து உதவியது. பிறகு ஜான் பிங்கர்ட்டன் என்ற பொறியாளரை வைத்துத் தானே ஒன்று கட்டிக்கொண்டது. ஏறத்தாழ 6,000 வால்வுகள் கொண்ட அந்தப் பொறிக்கு லியோ என்று பெயர். 1951இல் அது அடுமனைப் பண்டங்களின் மதிப்பைக் கணக்கிடத் தொடங்கியது. தேர்ந்த எழுத்தர் எட்டு நிமிடத்தில் போடும் ஒரு தொழிலாளியின் சம்பளக் கணக்கைப் பின்னர் அது ஒன்றரை நொடியில் முடித்தது.

வேகத்தைவிட மேலாளர்கள் கவனிக்க வேண்டியது 1954இல் தொடங்கிய கடைக் கொள்முதல் ஏற்பாடு. ஒவ்வொரு கடையின் பொறுப்பாளரும், அநேகமாக எல்லாருமே பெண்கள், மறுநாளுக்கு எத்தனை ரொட்டி, எத்தனை கேக் என்று முழுப் பட்டியலையும் நாள்தோறும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லயன்ஸில் டேவிட் கமினர் தலைமையில் இருந்தவர்கள் அந்தப் படிவத்தை அப்படியே கணினியில் ஏற்றவில்லை. பெரும்பாலான நாள்களில் பட்டியல் மாறுவதில்லை என்பதைக் கவனித்தார்கள். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிலையான பட்டியல் வைத்துக்கொண்டு, மாற்றத்தை மட்டும் கேட்டால் போதும் என்று முடிவு செய்தார்கள். குறித்த நேரத்தில் தலைமையிடத்திலிருந்து தொலைபேசி அழைப்பு போகும். கடைக்காரம்மா மாற்றத்தைச் சொல்லச் சொல்ல, கேட்பவர் அட்டையில் துளையிட்டுவிடுவார். எவ்வளவு சுட வேண்டும், எந்த வண்டியில் எதை ஏற்ற வேண்டும் என்பதைக் கணினி அச்சிட்டுக் கொடுக்கும். வழக்கத்திலிருந்து விலகியதை மட்டும் கேட்பது என்ற இந்த யோசனைக்குக் கணினியே தேவையில்லை. ஆனால் இது இல்லாமல் வாங்கிய கணினிகள் பழைய படிவங்களை வேகமாக அச்சிட்டதோடு சரி.

1964இல் ஐ.பி.எம். தன் 360 வரிசைக் கணினிகளை அறிவித்த பிறகு பெரிய நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கணினி வாங்கின. அடுத்த ஆண்டு ஹார்வர்டின் ராபர்ட் அந்தோனி, மேலாளர் எடுக்கும் முடிவுகளை மூன்று படிகளாகப் பிரித்தார். இதை லயன்ஸ் கடையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். நாளைக்கு எத்தனை பன் என்பது முதற்படி, கணினியே சொல்லிவிடும். ஒரு வட்டாரத்தில் மட்டும் பண்டம் ஏன் மிஞ்சுகிறது என்று மேற்பார்வையாளர் பார்ப்பது இரண்டாம் படி. கணினி சுட்டிக்காட்டும், காரணத்தை மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேநீர்க் கடை வியாபாரத்தையே தொடரலாமா என்பது மூன்றாம் படி. அதற்கான செய்தியில் பெரும்பகுதி நிறுவனத்தின் பேரேட்டிலேயே இருக்காது. ஒரே அறிக்கையை மூன்று படியில் இருப்பவர்களுக்கும் அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. 1968இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் டேவிஸ் முயற்சியால் மேலாண்மைத் தகவல் முறைமை தனிப் படிப்பாயிற்று.

அதற்குள் எதிர்ப்பும் கிளம்பிவிட்டது. 1967இல் மேலாண்மை அறிஞர் ரஸ்ஸல் ஆக்காஃப் எழுதிய கட்டுரை, மேலாளருக்குத் தகவல் போதவில்லை என்ற அடிப்படையையே மறுத்தது. அவர்களுக்கு வேண்டாத தகவல்தான் மிதமிஞ்சிக் கிடக்கிறது என்றார் அவர். அதில் வரும் ஒரு நிறுவனப் பிரிவினர், தங்கள் சரக்கிருப்பு முறைமையை விரிவாக விளக்கிக் காட்டுகிறார்கள். அறிக்கைகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. ஆராய்ந்தபோது, கையால் எழுதிய பழைய முறையைவிட அது மாதத்துக்கு ஏறத்தாழ 1,50,000 டாலர் கூடுதல் செலவு வைத்திருந்தது. உள்ளே என்ன விதியின்படி கணக்குப் போடுகிறது என்று அங்கிருந்த மேலாளர்கள் கேட்டதே இல்லை. தொழில்நுட்பம் தெரியாத மேலாளர் இந்தத் துறையில் ஒரே ஒரு கட்டுரைதான் படிப்பதென்றால் இதைத்தான் படிக்க வேண்டும். 1972இல் ஜான் டியர்டன் இன்னும் ஒரு படி மேலே போய், நிறுவனம் முழுவதற்கும் ஒரே முறைமை என்பதே கானல்நீர் என்று ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார்.

ஆனால் அந்த ஆண்டிலேதான் ஐ.பி.எம்.மிலிருந்து விலகிய ஐந்து பேர் ஜெர்மனியில் எஸ்.ஏ.பி. நிறுவனத்தைத் தொடங்கினார்கள். விற்பனை, கிடங்கு, கணக்கு எல்லாம் ஒரே தரவுத்தொகுதியிலிருந்து ஓட வேண்டும் என்பது அவர்கள் வழி. இடையில் 1979இல் விசிகேல்க் விரிதாள் வந்து, மேலாளர் யாரையும் கேட்காமல் தாமே கணக்குப் போட்டுப் பார்க்க வழி செய்தது. கூட்டத்தில் ஒவ்வொருவரும் வெவ்வேறு மொத்தத்தோடு வந்து உட்காரவும் வழி செய்தது. அந்தக் குழப்பத்துக்கு மருந்தாகவே 1990களில், நிறுவனம் முழுவதையும் ஒரே முறைமையில் இணைக்கும் ஈ.ஆர்.பி. மென்பொருள்கள் விற்பனையாயின. மருந்து எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. 1999இல் அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம், நான்காண்டு வேலையை இரண்டரை ஆண்டாகச் சுருக்கி, ஹாலோவீன் பண்டிகை நெருங்கும் நேரத்தில் புது முறைமைக்கு மாறியது. சரக்கு கைவசம் இருந்தும் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியாமல் போயிற்று.

இந்தியாவில் பெரிய நிறுவனங்கள் வெளிநாட்டு மென்பொருளை வாங்கிய காலத்திலேயே, சென்னையின் ராம்கோ சிஸ்டம்ஸ் 'மார்ஷல்' என்ற ஈ.ஆர்.பி. மென்பொருளைக் கொண்டுவந்தது. சிறு வணிகர்களிடம் பரவியது 1986இல் பெங்களூரில் பிறந்த டேலி என்ற கணக்கு மென்பொருள். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. என்ற சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் விலைப்பட்டியல்கள் கணினியில் ஏறியாக வேண்டிய நிலை உண்டானது. விலைப்பட்டியலை அரசின் இணையதளத்தில் பதியும் மின்விலைப்பட்டியல் முறை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமாகி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேற்பட்டவர்கள் வரை இறங்கிவிட்டது. ஒரு நடுத்தர நிறுவனத்தின் விற்பனை விவரம் இன்று வரித்துறையிடம் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. அதே விவரத்தை வாரம் ஒருமுறையாவது அறிக்கையாகக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமையாளர்கள்தான் குறைவு.