செறுகண்டலில் உதிர்ந்த 'செறு'

கேரளத்தின் கழிமுகங்களில் வளரும் ஓர் அலையாத்தி மரத்திற்குத் தாவரவியல் இன்று வழங்கும் பெயர் 'கண்டேலியா கண்டெல்'. பேரினப் பெயரும் கண்டல். சிற்றினப் பெயரும் கண்டல். ஒரே சொல்லை அப்படியே இருமுறை அடுக்கிப் பெயரிடுவதைத் தாவரவியலின் பெயரீட்டு விதிகள் ஏற்பதில்லை. இரண்டிற்கும் எழுத்துக்கூட்டல் சற்று வேறுபடுவதால் இப்பெயர் தப்பிப் பிழைத்தது. மொழியியல் பயின்றவர் காதில் அது உறுத்தவே செய்யும். 'எந்தக் கண்டல்?' என்று கேட்டால் 'கண்டல்' என்பதே விடையாக வருகிறது. இம்மரத்தை ஐரோப்பியத் தாவரவியலுக்கு அறிமுகப்படுத்திய நூலிலோ அதன் பெயர் இவ்வாறு இல்லை.

அந்நூல் 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்'. கொச்சியில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத் தலைவராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடின் முயற்சியால் உருவானது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இறுதித் தொகுதி அச்சாகும் முன்பே வான் ரீட் கடற்பயணத்தில் இறந்து சூரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். நூலில் 700-க்கும் மேற்பட்ட தாவரங்கள் படங்களுடன் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றின் பெயர்களையும் மருத்துவக் குணங்களையும் உரைத்தவர்களுள் முதன்மையானவர் சேர்த்தலைக்கு அருகிலுள்ள கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகிய கொங்கணி வைத்தியர் மூவரும் உடனிருந்தனர். தம் குடும்ப ஏட்டிலிருந்து இவற்றைச் சொன்னதாக அச்சுதன் அளித்த சான்றுரை, வட்டெழுத்தின் வழிவந்த கோலெழுத்தில் முதல் தொகுதியிலேயே அச்சாகியுள்ளது. அந்த ஏடு பின்னர் காணாமற்போனது.

அச்சுதன் மலையாளத்தில் சொன்னவை போர்த்துகீசியத்திற்குச் சென்றன. அங்கிருந்து டச்சுக்கும், பின் இலத்தீனுக்கும் மாறின. இவ்வாறு மும்முறை மொழி மாறியபோதும் தாவரப் பெயர்களை எவரும் மொழிபெயர்க்கவில்லை. பெரும்பாலான படங்களில் ரோமன், மலையாளம், அரபு, நாகரி என நான்கு எழுத்துகளில் அவை பொறிக்கப்பட்டன. விளக்கம் இலத்தீனாயிற்று, பெயர் மலையாளமாகவே நின்றது.

1686-இல் வெளிவந்த ஆறாம் தொகுதியில் அலையாத்தி மரங்கள் சில அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. கண்டல், கரிக்கண்டல், பீக்கண்டல், செறுகண்டல், பூக்கண்டல் என்பன அவற்றின் பெயர்கள். பொதுச்சொல் பின்னே நிற்கிறது. வேறுபடுத்தும் அடைமொழி முன்னே வருகிறது. 'செறு' என்பது தமிழின் 'சிறு' என்பதே. கண்டல் என்ற சொல்லும் தமிழுக்குப் புதியதன்று. சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் வருவது. பேரினம் ஒரு சொல், சிற்றினம் ஒரு சொல் என்று பெயரிடும் முறையை லின்னேயஸ் 1753-இல் தாவரங்கள் அனைத்திற்கும் நிலைநிறுத்தினார். அதற்கு ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு முன்பே அதே தர்க்கத்தில் அமைந்த பெயர்த்தொகுதி ஒன்று ஆம்ஸ்டர்டாமில் அச்சேறிவிட்டது.

லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்ததில்லை. மலபாரின் பல தாவரங்களை அவர் அறிந்தது இந்நூலின் படங்கள் வழியாகத்தான். கண்டல், கரிக்கண்டல், செறுகண்டல், பூக்கண்டல் ஆகியவற்றை அவர் 'ரைசோபோரா' என்னும் ஒரே பேரினத்தில் அடக்கினார். இவற்றுள் பூக்கண்டல் இன்று வேறொரு குடும்பத்தில் வைக்கப்படுகிறது. கடலோர மக்களின் பெயரீடும் உப்சாலா பேராசிரியரின் வகைப்பாடும் ஒரே இடத்தில் சேர்ந்தே வழுவியிருக்கின்றன. கொம்புபோல் தொங்கும் காய்களும் தாய்மரத்திலிருக்கும்போதே முளைவிடும் விதைகளும் இரு தரப்பையும் ஒரே முடிவிற்கு இட்டுச் சென்றிருக்கலாம் என்பது என் ஊகம்.

செறுகண்டலுக்கு அவர் தந்த பெயர் 'ரைசோபோரா கண்டெல்'. உள்ளூர் வழக்கில் பேரினத்தைச் சுட்டிய சொல் இங்கே சிற்றினப் பெயராயிற்று. இம்மரத்தைத் தனித்துக் காட்டிய 'செறு' விடுபட்டது. 1834-இல் ராபர்ட் வைட்டும் ஆர்னட்டும் இதைத் தனிப் பேரினமாக்கிக் 'கண்டேலியா' என்றனர். சிற்றினப் பெயரை வான் ரீடின் நினைவாக அமைத்தனர். முந்தைய பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி 20-ஆம் நூற்றாண்டில் லின்னேயஸின் 'கண்டெல்' மீட்கப்பட்டது. கண்டலுக்குள் கண்டல் வந்த கதை இதுதான்.

இதைக் களவு என்று சொல்லிவிடுவது எளிது. லின்னேயஸ் தாம் பயன்படுத்திய நூலை மறைக்கவில்லை. புளூம் என்ற தாவரவியலாளர் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பேரினத்திற்கு அச்சுதனின் பெயரையே சூட்டினார். நிகழ்ந்த இழப்பு வேறு வகையானது. பெயரைச் சொல்லாக மட்டும் எடுத்துக்கொண்டு, அச்சொல் இயங்கிய அமைப்பை விட்டுவிட்டனர்.

பழைய நூல்களால் இன்றைய அறிவியலுக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் 2003-ஆம் ஆண்டை நினைவுகூரலாம். இந்தியா முதல் ஜப்பான் வரை ஒரே சிற்றினமாகக் கருதப்பட்ட இம்மரம் உண்மையில் இரண்டு சிற்றினங்கள் என்று அவ்வாண்டு வெளியான ஓர் ஆய்வு நிறுவியது. குரோமோசோம் எண்ணிக்கையும் இலையின் உள்ளமைப்பும் வேறுபட்டன. 'கண்டெல்' என்ற பெயர் எதற்கு உரியது? உலர்தாவரச் சான்று இல்லாத நிலையில் ஆறாம் தொகுதியின் செறுகண்டல் படமே அப்பெயருக்குரிய மூலச் சான்று. ஆகவே பெயர் நம் பக்கத்து மரத்திடமே தங்கியது. சீனா, தைவான், ஜப்பான் மரங்கள் 'கண்டேலியா ஒபொவாட்டா' என்று புதுப்பெயர் பெற்றன. மலபாரில் பிறந்த ஓர் ஓவியம், 317 ஆண்டுகள் கழித்து, கிழக்காசியக் கடற்கரைக் காடுகளின் பெயரைத் தீர்மானித்திருக்கிறது.

அதே ஆண்டில்தான் தாவரவியலாளர் கே. எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து முடித்த ஆங்கிலப் பதிப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. மலையாளப் பதிப்பு 2008-இல் வந்தது. தன் மொழியிலிருந்து புறப்பட்ட நூல் அம்மொழிக்குத் திரும்ப 300 ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

களப்பணிக்குச் செல்லும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஆய்வேடுகளின் அட்டவணைகளில் 'வட்டாரப் பெயர்' என்றொரு பத்தி உண்டு. பெரும்பாலும் அதில் ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு அடுத்த பத்திக்கு நகர்ந்துவிடுகிறோம். பெயரை அடைமொழியுடன் முழுமையாக எழுதுங்கள். எதற்கு எதிராக அந்த அடைமொழி என்று கேளுங்கள். சிறியது ஒன்று இருந்தால் பெரியது எது என்று விசாரியுங்கள். அவர் இசைந்தால், சொன்னவர் பெயரையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். 1678-இல் வான் ரீட் அச்சுதனுக்குச் செய்த அளவையேனும் நாம் செய்ய வேண்டாமா?