அறுந்த குதிகால் தசைநாண்: தையல் தருவதும் தராததும்

இறகுப்பந்து ஆடும் நாற்பது வயதுக்காரர் பந்தை எடுக்க முன்னே பாய்கிறார். பின்னங்காலில் யாரோ எட்டி உதைத்ததுபோல் இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. குதிகால் தசைநாண் அறுந்தவர்கள் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் இந்த நாண் உடலிலேயே தடித்தது. எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே, இரத்த ஓட்டம் குறைந்த பகுதியில் அது வழக்கமாக அறுகிறது.

தைப்பதா, கட்டுப்போட்டு ஆறவிடுவதா என்பது எலும்பியல் மருத்துவர்களிடையே நெடுநாள் வழக்கு. வேறுவேறான இரண்டு பயன்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் அது தீராமல் நீள்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். நாண் மீண்டும் அறாமல் இருப்பது ஒன்று. கால் பழையபடி வேலை செய்வது மற்றொன்று. தையல் முதலாவதைத் தருகிறது; இரண்டாவதற்கு அது உத்தரவாதம் அல்ல.

ஆய்வுகள் காட்டுவது

2010இல் கனடாவில் வில்லிட்ஸ் குழுவினர் 144 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். சீக்கிரமே காலூன்றிக் கணுக்காலை அசைக்கும் ஒரே பயிற்சியை இரு பிரிவுக்கும் தந்தனர். தைத்தவர்களில் 2 பேருக்கும் தைக்காதவர்களில் 3 பேருக்கும் நாண் மீண்டும் அறுந்தது. தையல் தேவையே இல்லை என்ற எண்ணத்துக்கு இது வலுவூட்டியது.

2022இல் வெளியான நார்வே ஆய்வு 526 பேரைக் கணக்கில் எடுத்தது. அது அந்த எண்ணத்தைத் திருத்துகிறது. மீண்டும் அறுந்தது தைக்காதவர்களில் 6.2 விழுக்காடு, திறந்து தைத்தவர்களிலும் சிறு கீறல் வழியே தைத்தவர்களிலும் 0.6 விழுக்காடு. ஆனால் ஓராண்டு முடிவில், நோயாளிகளே தம் காலுக்கு இட்ட மதிப்பெண்ணில் மூன்று பிரிவுகளுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. நரம்புப் பாதிப்போ தைக்காதவர்களில் 0.6, திறந்து தைத்தவர்களில் 2.8, சிறு கீறலில் 5.2 விழுக்காடு.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு நாண் மீண்டும் அறுவதைத் தடுக்க ஏறத்தாழ 18 பேருக்குத் தைக்க வேண்டும். நூறு பேருக்குச் சிறு கீறல் வழியே தைத்தால் ஐந்தாறு பேர் மறு அறுதலிலிருந்து தப்புவர். நாலைந்து பேருக்குக் கூடுதலாக நரம்பு பாதிக்கப்படும். எந்த இழப்பு பெரிது என்பதை எண்கள் சொல்லா. நோயாளியின் தொழிலும் விருப்பமும்தான் சொல்லும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. 2016இல் ஃபின்லாந்தில் 60 பேரிடம் நடந்த ஆய்வில், தைத்தவர்களின் கெண்டைக்கால் வலிமை 10 முதல் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஓட்டக்காரருக்கு அது பெரிது. ஆனால் அங்கும் குதிகால் நாணின் நிலைக்கு இட்ட மொத்த மதிப்பெண் வேறுபடவில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

நீளமே முதல்

அறுந்த இடத்தில் முதலில் உருவாவது வலுக்குறைந்த மூன்றாம் வகைக் கொலாஜன்; மாதக்கணக்கில்தான் அதனிடத்தில் முதல் வகை சேர்கிறது. அதற்குள் நாண் இழுபட்டு நீண்டுவிட்டால், தசை சுருங்கினாலும் குதிகால் முழுதாக எழாது. தொளதொளத்த கயிற்றை இழுப்பதுபோலத்தான். அதனால்தான் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்து, நடைக்காலணிக்குள் குதிகாலுக்கு அடியில் வைத்த ஆப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை எவ்வளவு உயர்த்த முடிகிறது என்பதே மீட்சியின் உரைகல்.

2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், தைக்காத 540 பேரிடம் மாவுக்கட்டும், சீக்கிரம் நடக்கவிடும் நடைக்காலணியும் ஒப்பிடப்பட்டன. ஒன்பதாம் மாதத்தில் வேறுபாடு இல்லை. எனவே சீக்கிரம் நடப்பது நாணை மேலும் நன்றாக ஆற்றும் என்று சொல்வதற்கில்லை. அது கேடு செய்யாது என்றே சொல்லலாம். குறுக்குவழியும் இல்லை: இரத்தத் தட்டணுக்களைச் செறிவாக்கிச் செலுத்தும் ஊசியை 230 பேரிடம் சோதித்த 2019 பிரிட்டன் ஆய்வில் 24ஆம் வாரத்தில் பயன் தென்படவில்லை.

நம் ஊரில்

இந்த எண்களெல்லாம் தோல் கிழியாமல், புதிதாக அறுந்த நாணுக்கு உரியவை. இந்தியக் கழிப்பறைக் கோப்பையில் கால் வழுக்கி, உடைந்த பீங்கான் விளிம்பில் நாண் வெட்டுப்படுவது இங்கே மருத்துவர்கள் அறிந்த விபத்து. அங்கே விவாதத்துக்கு இடமில்லை. காயத்தைக் கழுவித் தைத்தாக வேண்டும்.

இன்னொன்று தாமதம். நாண் அறுந்தும் ஆழத்திலுள்ள பிற தசைகளால் பாதத்தை ஓரளவு கீழே அழுத்த முடியும். நொண்டி நடக்கவும் முடியும். ஆகவே ‘சுளுக்கு’ என்று எண்ணெய் தேய்த்து வாரங்கள் போய்விடும். அதற்குள் அறுந்த முனைகள் விலகிப்போனால், பெருவிரலை மடக்கும் நாணை இடம்மாற்றிப் பொருத்துவது போன்ற பெரிய அறுவைகளே எஞ்சும்.

நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, பாதத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைக்காலைப் பிசைந்தால் பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும்; அசையாவிட்டால் நாண் அறுந்திருக்கிறது. கருவி வேண்டாம், அரை நிமிடம் போதும். தைப்பதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை, இந்தச் சோதனை முதல் நாளிலேயே செய்யப்பட்டவருக்குத்தான் கிடைக்கிறது.