பள்ளிக்கூடத்து சாவி யார் கையில்? – புதுக்கோட்டையிலிருந்து ஒரு பழைய கணக்கு

பள்ளிக்கூடம் யாருடையது என்று எங்க ஊர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் "சர்க்காரோடது" என்பார்கள். எந்த சர்க்கார் என்று அடுத்த கேள்வியைப் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் முழிப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நூறு வருஷமாக இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடையாது. ஒரு கொள்ளை நோயும் ஒரு தேர்தலும் சேர்ந்து வரும்போதுதான் அது வெளிச்சத்துக்கு வருகிறது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

முதலில் 1918. பம்பாயில் ஜூன் மாசம் இறங்கிய இன்ஃப்ளுயன்ஸா அந்த வருஷக் கடைசிக்குள் நாடு முழுக்கப் பரவி ஒரு கோடிக்கும் அதிகமான பேரைக் கொண்டு போய்விட்டது. அந்தக் காயம் ஆறுவதற்குள் 1919-ல் மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தச் சட்டம் வந்தது. கல்வியையும் சுகாதாரத்தையும் மாகாண மந்திரிகளிடம் கொடுத்தார்கள். நிதியை மட்டும் கவர்னர் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அதாவது பள்ளிக்கூடம் உனக்கு, பெட்டிச்சாவி எனக்கு!

1920 நவம்பரில் தேர்தல். சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஜெயித்தது. வந்து உட்கார்ந்த மந்திரிகளுக்குக் காத்திருந்தது மெஸ்டன் கமிட்டிக் கணக்கு. மாகாணங்கள் எல்லாம் சேர்ந்து டெல்லிக்கு வருஷத்துக்கு 983 லட்சம் ரூபாய் கட்டணும், அதில் சென்னையின் பங்கு மட்டும் 348 லட்சம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே! பம்பாய்க்கு 56, வங்காளத்துக்கு 63. கல்வி மந்திரியாக இருந்த ஏ.பி. பாத்ரோவுக்கு ஆசை எவ்வளவு இருந்திருந்தாலும் கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்க.

இதே 1920-ல்தான் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. 1925-ல் அது நின்று போனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு பண்ணக்கூடாது என்று மேலே இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். சோறு வேணாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் தலைப்பில் எழுதக்கூடாது என்றார்கள், அவ்வளவுதான். இந்த வாக்கியத்தை ஞாபகம் வச்சுக்குங்க, நூறு வருஷம் கழிச்சு மறுபடி வரும்.

எங்க புதுக்கோட்டை அப்போ தனி சமஸ்தானம். இந்த மெஸ்டன் பாக்கியெல்லாம் எங்களுக்கு இல்லை. கல்லூரியும் ராஜாவோடது, காசும் ராஜாவோடது. பெண்பிள்ளையை ஆண்கள் படிக்கிற காலேஜில் சேர்ப்பதா என்று ஊரே எதிர்த்தபோது மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஒரு வார்த்தை சொன்னார், முத்துலட்சுமி அம்மையார் உள்ளே போனார். 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். முடிவெடுக்கிறவரும் காசு கொடுக்கிறவரும் ஒரே ஆள் என்றால் இப்படி ஒரு வசதி. அந்த ஒரு ஆள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்? அதான் மன்னராட்சியின் மறுபக்கம். அதனால் ராஜா காலமே தேவலை என்று நான் சொல்ல வரலை, வம்புக்கு இழுக்காதீங்க :-)

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. திருச்சி ஜில்லாவில் ஒரு பகுதியாக இருந்து, 1974 ஜனவரியில் தனி மாவட்டமானது. அப்போ கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-ல் 42-வது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்குத் தூக்கிக் கொண்டு போனது. அது எந்த நேரம் என்று பாருங்க. நெருக்கடி நிலை. மக்களவைத் தேர்தல் தள்ளிப்போயிருந்தது. தமிழ்நாட்டு அரசை அந்த ஜனவரியிலேயே கலைத்தாச்சு, ஆக இங்கே வேணும் வேணாம் சொல்ல ஒரு சட்டசபையே இல்லை.

நல்லதையும் சொல்லணும். 1991-ல் எங்க மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். பி. சாய்நாத் எழுதி உலகத்துக்கே தெரிந்த கதை. அந்தத் திட்டத்தின் பணத்தில் பெரும்பங்கு டெல்லியிலிருந்து வந்தது. ஆனால் எந்தத் தெருவில், எந்த நேரத்தில், யார் சொல்லிக் கொடுப்பது என்பதையெல்லாம் இங்கேதான் முடிவு பண்ணினார்கள். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கலாம் என்ற யோசனை டெல்லியில் எந்த ஃபைலில் தோன்றியிருக்கும்?

இப்போ 2020. மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு ஜூன் 9-ம் தேதி ரத்தானது. பாடம் போனுக்குப் போச்சு. எங்க பக்கம் வீட்டுக்கு ஒரு போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவார். கல்வித் தொலைக்காட்சி ஓடியது, கரண்ட் இருக்கும்போது. மதியச் சோற்றுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள், அதுவரை நிம்மதி.

நாடாளுமன்றம் கூடாத நேரத்தில், ஜூலை 29-ம் தேதி, மத்திய அமைச்சரவை புதிய தேசியக் கல்விக் கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆகஸ்ட் 3-ம் தேதி அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி மும்மொழித் திட்டம் இங்கே கிடையாது என்று அறிவித்தார். மத்தியில் அவருக்குக் கூட்டணிக் கட்சிதான், சட்டமன்றத் தேர்தலுக்கு ஒன்பது மாசம்கூட இல்லை. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டில் எந்தக் கட்சியும் வேறு மாதிரி பேச முடியாது. அக்டோபர் கடைசியில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு. ஆளுநர் கையெழுத்துக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, அக்டோபர் 29-ல் அரசாணையே போட்டார்கள். மறுநாள் கையெழுத்தும் வந்தது.

எல்லாரும் கொள்கையைப் பற்றிப் பேசினோம், சண்டை போட்டோம். பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பள்ளிக் கல்விக்கான பெரிய மத்தியத் திட்டம் சமக்ர சிக்ஷா. 2020-21 பட்ஜெட்டில் அதற்கு ஒதுக்கியது சுமார் 38,750 கோடி. திருத்திய மதிப்பீட்டில் அது சுமார் 27,950 கோடியாகச் சுருங்கியது. ஏறக்குறைய 10,800 கோடி போச்சு! பள்ளிதான் மூடியிருக்கே, செலவு எங்கே என்று கேட்கலாம். மூடியிருந்ததால்தானே பிள்ளைக்கு போனும், நெட்டும், தெருவுக்கு ஒரு வாத்தியாரும் தேவைப்பட்டது? அதுக்கு அடுத்த வருஷம் போட்டதும் 31,050 கோடிதான், பழைய இடத்துக்கு வரவில்லை.

சரி, எம்பியிடம் போய்க் கேட்கலாமே? அங்கேதான் எங்க சோகம். 2008 மறுசீரமைப்பில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே காணாமல் போச்சு. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியில், விராலிமலை கரூரில், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில், அறந்தாங்கி ராமநாதபுரத்தில். ஒரு மாவட்டத்துக்கு நாலு எம்பி, எங்களுக்கென்று ஒருத்தர் இல்லை. அந்த நாலு பேர் கையிலும் அப்போ காசு இல்லை. 2020 ஏப்ரலில் எம்பி தொகுதி மேம்பாட்டு நிதியை நிறுத்தி வைத்தார்கள், 2021 நவம்பரில்தான் திரும்ப வந்தது. பள்ளிக்கு ஒரு வகுப்பறை, ஒரு சுற்றுச்சுவர் என்று கேட்டு வாங்குகிற நிதி அது.

2021 பிப்ரவரி 25-ம் தேதி, 9, 10, 11 வகுப்பு மாணவர்கள் எல்லாரும் பாஸ் என்று சட்டசபையில் அறிவிப்பு. மறுநாள் 26-ம் தேதி தேர்தல் தேதி அறிவிப்பு. கொரோனாவுக்காக வாக்குச்சாவடிகளைக் கூட்டினார்கள், மாநிலம் முழுக்க 88 ஆயிரத்துக்கு மேல். பெரும்பாலும் பள்ளிக்கூடங்கள்தான். ஏப்ரல் 6-ம் தேதி ஓட்டுப் போடப் போனேன். வகுப்பறை வாசலில் சானிடைசர், கைக்கு உறை, தரையில் இடைவெளி விட்டு வட்டம். இவ்வளவு ஏற்பாடு ஒரு நாளைக்கு முடிகிறதே என்றுதான் வரிசையில் நின்று யோசித்தேன்.

ஆட்சி மாறியது. அக்டோபர் 27-ல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. மாநில அரசு 200 கோடி ஒதுக்கியது. தன்னார்வலருக்கு மாசம் ஆயிரம் ரூபாய், சாயங்காலம் தெருவிலேயே வகுப்பு. அறிவொளியைப் பார்த்தவர்களுக்கு இது புதுசா தெரிஞ்சிருக்காது.

கதை அங்கே முடியவில்லை. 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தலுக்கு ஒரு மாசம் முன்னால், பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேருவது பற்றிக் குழு அமைத்து முடிவெடுத்துக் கையெழுத்திடுகிறோம் என்று தமிழக அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதியது. தேர்தல் முடிந்து ஜூலையில், தேசியக் கல்விக் கொள்கையை முழுசாக அமல்படுத்துவோம் என்ற வரியை எடுத்துவிட்டு ஒப்பந்தத்தை அனுப்பியது. ஒத்துக்கிட்டுப் பின்வாங்கினீர்கள் என்றது டெல்லி. கொள்கைக்கும் சமக்ர சிக்ஷா காசுக்கும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள் என்றது சென்னை. 2024-25க்கு வரவேண்டிய 2,152 கோடி நின்று போனது. 2025 மே மாசம் வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டு மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், நான் மாநிலத்தின் பக்கம். பள்ளிக்கூடம் நடத்துவது இங்கே, வரி கட்டுவதும் இங்கே. அதே சமயம், தேர்தலுக்கு முன் எழுதிய கடிதத்துக்கும் பின் அனுப்பிய ஒப்பந்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. மாற்றுத்திறன் பிள்ளைக்குப் பயிற்சி தருகிற சிறப்பாசிரியர், பகுதி நேர ஓவிய வாத்தியார், இவர்கள் சம்பளமெல்லாம் அந்தக் காசில்தான் தொங்குகிறது. 1925-ல் ஓர் அணாச் சோறு எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நின்றது. 2024-ல் ஒரு வரியில் நின்றது.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்ஜெட் வந்தால் டிவியில் சொல்கிற ஒதுக்கீட்டோடு நின்றுவிடாதீர்கள். போன வருஷத்துக்கான "திருத்திய மதிப்பீடு" பக்கத்திலேயே இருக்கும், அதைப் பாருங்க. உங்க மாவட்டத்தில் அந்த வித்தியாசம் எந்தப் பள்ளியில், எந்த ஆசிரியர் இடத்தில் விழுந்தது என்று விசாரித்து எழுதுங்க. அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சி என்றாலும், அந்த எண்ணைக் காட்டி அவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்.

டிஸ்கி: நான் வாத்தியாரும் இல்லை, எந்தக் கட்சிக்காரனும் இல்லை. புதுக்கோட்டைக்காரன், அவ்வளவுதான்.