தீவிர சிகிச்சைப் பிரிவில் நாளவழி மருந்து: செறிவு ஒன்றாக இருப்பது ஏன் அவசியம்?

மாத்திரையின் அளவு தொழிற்சாலையிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாளத்தினூடாகச் செலுத்தப்படும் பல மருந்துகள் நோயாளரின் கட்டிலருகே, பெரும்பாலும் அவசரத்தின் மத்தியில், தாதியராலேயே கலக்கப்படுகின்றன. தவறு நுழைவதும் அங்குதான்.

நோர்அட்ரினலினை எடுத்துக்கொள்வோம். கடும் கிருமித்தொற்றினால் குருதியமுக்கம் வீழும்போது அதனை உயர்த்தக் கொடுக்கப்படும் மருந்து இது. 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவருக்கு, கிலோகிராமுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் தேவையெனில், மணித்தியாலத்துக்கு 360 மைக்ரோகிராம் செல்லவேண்டும். 50 மில்லிலீற்றரில் 4 மில்லிகிராம் கலந்திருந்தால் பம்பின் வேகம் மணிக்கு 4.5 மில்லிலீற்றர். அடுத்த கடமைநேரத்தில் வருபவர் 8 மில்லிகிராம் கலந்து, வேகத்தை மாற்றாது விட்டால், நோயாளருக்குச் செல்வது இருமடங்கு. நோயாளரை வேறு வைத்தியசாலைக்கு மாற்றும்போதும் இதே ஆபத்து உண்டு.

மருந்துக் குப்பியின் சுட்டியும் குழப்பலாம். 8 மில்லிகிராம் நோர்அட்ரினலின் டார்ட்ரேட்டில் உள்ள நோர்அட்ரினலின் 4 மில்லிகிராம் மட்டுமே. சில நாடுகளில் முதல் எண்ணும், வேறு சிலவற்றில் இரண்டாவது எண்ணும் அச்சிடப்படுகின்றன.

நியமப்படுத்தல் என்பது என்ன?

ஒவ்வொரு மருந்துக்கும் ஓரிரு செறிவுகளை மட்டும் நிர்ணயித்து, எல்லோரும் அவற்றையே பயன்படுத்துவதாகும். இன்சுலினை 50 மில்லிலீற்றரில் 50 அலகுகளாகக் கலப்பது நல்ல உதாரணம்: 1 மில்லிலீற்றர், 1 அலகு. கணக்கே தேவையில்லை. அமெரிக்காவில் குழந்தைகளின் நிறையை ஆறால் பெருக்கி, ஒவ்வொரு குழந்தைக்கும் வெவ்வேறு செறிவில் மருந்து கலக்கும் 'ஆறின் விதி' இதே காரணத்தால் கைவிடப்பட்டது. செறிவான பொற்றாசியம் குளோரைட்டை விடுதிகளில் வைத்திருப்பதன் ஆபத்து குறித்து 1998 இல் அங்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017 இல் தவிர்க்கக்கூடிய கடும் மருந்துப் பாதிப்புகளை ஐந்தாண்டுகளில் அரைவாசியாகக் குறைக்கும் இலக்கை அறிவித்தது.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் கட்டாயமல்ல. சுவரில் ஒரு செறிவு அட்டவணை, மருந்தின் பெயர், அளவு, கலந்த நேரம் எழுதிய சுட்டி, இரண்டாமவர் தனியாகச் சரிபார்த்தல், 'மைக்ரோகிராம்' என முழுமையாக எழுதுதல், '.5' எனாது '0.5' என எழுதுதல் ஆகியவை வளங்குறைந்த வைத்தியசாலைகளிலும் இயலக்கூடியவை.

உறவினர்களும் உதவலாம். நோயாளரின் சரியான நிறை, ஒவ்வாமை, சிறுநீரக நோய், வழமையாக எடுக்கும் மருந்துகள் என்பவற்றைக் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்தளவைக் கணிக்கும்போது வைத்தியர்கள் இவற்றையே கவனிக்கிறார்கள்.